இடது கைக்கு ஒரு மைக்

லண்டன்பேட்டையில்
ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு
நவாப்ஜான் மூன்று மைக்கை எடுத்து வைத்தார்.
மூன்றும் சேர்ந்து ஒரு காய்ந்த மிளகாய் கனம் இருக்காது.
கனம் எனக்குத் தெரியும்.
டோல்கேட்டுக்கு அப்பால் எடைமேடையில்
கிரானைட் லாரிகளுக்குச் சீட்டுக் கிழிப்பவள் நான்.
சனி ஞாயிறு மட்டும் அக்கார்டியன்.

"இது காலர் மைக்.
பிரசங்கத்துக்கும் போகும், ராயக்கோட்டை தக்காளி ஏலத்துக்கும் போகும்.
நாலு பக்கமும் கேட்கும். அதான் வம்பு."
மாட்டினோம்.
என் வாசிப்பைவிட
தெருவில் போன பழைய பேப்பர்காரர் நன்றாகக் கேட்டார்.
ஸ்பீக்கர் பக்கம் ஓரடி திரும்பினேன்,
ஊளையிட்டது.

இரண்டாவதைச் சல்லடை மூடிக்கு உள்ளேயே ஒட்டிவிடலாம்.
ஊளை இல்லை.
பாட்டும் இல்லை.
கட்டைகள் விழுந்து எழும் டக டக மட்டும்,
பக்கத்து அறையில் யாரோ தாயம் உருட்டுவது போல.

மூன்றாவதற்கு வளையும் கழுத்து.
மூடியின் ஓரத்தைக் கவ்விக்கொண்டு
நாலு விரல் தள்ளி எட்டிப் பார்க்கும்.
எதிரில் இருப்பதைத்தான் கேட்கும்,
முதுகுப் பக்கம் செவிடு.
விலை சொன்னார்.
என் ஒரு மாதச் சம்பளம்,
அதுவும் ஒன்றுக்கு.

"ஒண்ணு போதும். வலது பக்கம் வைங்க."
பதினோரு வருஷமாக அப்படித்தான்,
ஸ்டாண்டு மைக் வலது கைக்கு.
பாட்டு அங்கேதான் இருக்கிறது என்று எல்லாருக்கும் நினைப்பு.
இடது கை துருத்தியோடு போய்ப் போய் வருவது,
நின்ற இடத்தில் நிற்காததை
எந்த ஸ்டாண்டு பிடிக்கும்?

"கேட்டுப் பார்க்கக் காசா பணமா" என்று
இடது பக்கமும் ஒன்றைக் கவ்வ வைத்தார்.
முந்தானை உரசினால் உள்ளே மழை பெய்யும்,
ஊக்குக் குத்திக்கொள்ளச் சொன்னார்.
ஹெட்போனை என் காதில் வைத்து
"ம்" என்றார்.

முதலில் மூச்சு.
எடைமேடை ஏறி நின்றதும் லாரி ஏர் பிரேக்கில் விடுமே,
அந்தப் பெருமூச்சு, சின்னதாக,
என் விலாவுக்குப் பக்கத்தில்.
இதை நீக்க வழியுண்டா என்று கேட்கத்தான் வந்திருந்தேன்.
கேட்கவில்லை.

பிறகு சரணத்தின் மூன்றாவது வரி.
வலது கை ஒழுங்காக ஏறிக்கொண்டிருக்க
இடது மோதிரவிரல்
ஒரு பொத்தான் தள்ளி அழுத்தியது.
மறுபடி வாசித்தேன்.
மறுபடி அதே பொத்தான்.
எலத்தகிரி திருவிழா, காவேரிப்பட்டணம் வரவேற்புகள்,
மாங்கனிக் கண்காட்சி மேடை,
எல்லாவற்றிலும் இதே பொத்தானை
இத்தனை தைரியமாக.

பேஸ் கிடார் திம்மராயனுக்குப் போன் போட்டேன்.
சொன்னேன்.
கொஞ்ச நேரம் அந்தப் பக்கம் குக்கர் விசில் மட்டும்.
"தெரியும் சீலி."
"எப்போதிருந்து?"
"முதல் கச்சேரி.
நீ அங்கே போறப்போ நானும் அங்கே போயிடுவேன்.
ஒருத்தர் பண்ணா தப்பு,
ரெண்டு பேர் பண்ணா அரேஞ்ச்மெண்ட்."
"மாத்திக்கிறேன்."
"ஐயோ, ஞாயித்துக்கிழமை கச்சேரி இருக்கு.
இனிமே நான் எங்கே போறது?"

காலி வண்டிக்கு ஒரு முறை,
பாரத்தோடு ஒரு முறை,
கழித்தால்தான் கல்லின் எடை வரும்.
நான் பாரத்தை மட்டும் நிறுத்திப் பார்த்துவிட்டுச்
சீட்டுக் கொடுத்துக்கொண்டிருந்திருக்கிறேன்.
அல்லது வண்டியை மட்டும்.
எது எதுவென்று தெரியவில்லை.

நவாப்ஜான் பில் புத்தகத்தில்
ஒன்றா இரண்டா என்ற இடத்தில் பேனாவை நிறுத்தியிருந்தார்.
இரண்டு. தவணையில்.
இடது பக்கத்துக்கு வால்யூம் தனியாக வேண்டும்,
அந்தக் குமிழை மட்டும்
திம்மராயன் கைக்கு எட்டுகிற மாதிரி வைக்கச் சொன்னேன்.