நூற்றுக்கும் எண்பத்திரண்டுக்கும் நடுவே

இரவு பத்து மணி. மல்லாவி. ஆண்கள் வாட்.
ஒரு மின்விசிறி மட்டும் சுற்றுகிறது.
மற்றதற்கு ஆவணியிலிருந்து கடிதம் எழுதிக்கொண்டிருக்கிறோம்.
ஏழாம் கட்டில்: கஜரூபன், இருபத்தாறு,
அறுவடை மெசின் ஓட்டுகிறவன்.
காய்ச்சல், ஐந்தாம் நாள்.

மணிக்கட்டைப் பிடித்தேன்.
நாடி பார்க்கிறேன் என்றுதான் அவனும் நினைத்தான்.
முதல் அரை நிமிடம் அது உண்மை.
பிறகு விரல் சும்மா கிடக்கும்,
கண் நெஞ்சுக்கூட்டுக்குப் போய்விடும்.
மூச்சை எண்ணப்போகிறேன் என்று சொன்னால்
மூச்சு மாறிவிடும்,
படம் எடுக்க நிற்பவர்களின் முகம் மாதிரி.
ஆகையால் நாளுக்கு நாற்பது தரம்
இந்தச் சின்னப் பொய்.

பதினெட்டு. எழுதினேன்.
நாடி எண்பத்தெட்டு. காய்ச்சல் நூற்றிரண்டு.
பிறஷர் நூற்றுப்பத்து, எழுபது.

பன்னிரண்டுக்குப் போனால்
எழும்பி உட்கார்ந்திருக்கிறான், வேர்த்து ஊற்றி.
தர்மாமீற்றரில் தொண்ணூற்றெட்டு புள்ளி நாலு.
மனைவி புவிதா என் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்து
வற்றாப்பளை இருக்கும் திசையைக் கும்பிட்டாள்.
"விட்டிட்டுது மிஸ்ஸி. விடிய வீட்ட போகலாம் என்ன?
பாண்டியன்குளத்தில வெட்டு இருக்கு."

விட்டதுதான்.
டெங்கு, காய்ச்சல் விடுகிற நேரத்தில்தான்
ஆளைப் பிடிக்கும்.

பட்டியைச் சுற்றிக் காற்றை இறக்கினேன்.
முதல் தட்டு நூற்றி நாலில் கேட்டது.
எண்பதில் அடங்கியது.
தனித்தனியே பார்த்தால் இரண்டும் நல்ல பிள்ளைகள்.
நூற்றி நாலுக்காக யாரும் ஓடிவர மாட்டார்கள்,
எண்பதோ புத்தகத்தில் உள்ள எண்பது.
ஆனால் நாற்பது இருந்த இடத்தில்
இப்போது இருபத்துநாலு.
மேலது இறங்க, கீழது ஏற,
நெருங்கிவரும் இரண்டு கதவுகளுக்கு நடுவில்
ஒருவன் உட்கார்ந்துகொண்டு
நாளைய வயலைப் பற்றிக் கதைக்கிறான்.

பெருவிரல் நகத்தை அமத்தி விட்டேன்.
வெள்ளை.
ஓராயிரம். ஈராயிரம்.
மூவாயிரத்தில்தான் சிவப்பு திரும்பியது.
நகத்துக்குள் மெசின் எண்ணெயின் கறுப்பு,
அதனால் பிழையாகப் பார்த்தேனோ?
மற்றக் கை. மூவாயிரம்.
கை குளிர்ந்திருந்தது.

"ஏன் மிஸ்ஸி திருப்பித் திருப்பிப் பார்க்கிறியள்?"

எனக்குப் பதினொரு வயதில், பங்கருக்குள்,
தம்பியின் வயிறு ஏறி இறங்குவதை
எண்ணியிருக்கிறேன்.
நாற்பத்தாறு. ஐம்பத்திரண்டு.
எண்ணத் தெரிந்தது.
எத்தனைக்கு மேல் போனால் ஆளைக் கூப்பிட வேண்டும் என்று
தெரியாது. கூப்பிட யாரும்
சரி, அதை விடுங்கோ.

இங்கே போன் இருக்கிறது.
டொக்டர் நெத்மினி குருநாகல் பக்கம்.
தமிழில் எண்கள் மட்டும் அவவுக்குத் தடக்காமல் வரும்.
பன்னிரண்டே கால்: "நூறு, எண்பத்திரண்டு" என்றேன்.
"பதினெட்டு" என்றா.
கழித்து முடித்த கையோடு
செருப்பில்லாமல் வந்து நின்றா.

சேலைன் ஏறியது. பதினைந்து நிமிடத்துக்கொருதரம்
நாடி, பிறஷர், நகம்.
அவன் பயப்பட்டானா தெரியாது. புவிதா
சாப்பாட்டுப் பெட்டியைக் கழுவினாள்,
துடைத்தாள், திரும்பவும் கழுவினாள்.

இரண்டு மணிக்கு அம்புலன்ஸ்.
மாங்குளம் சந்தி வரைக்கும்
சூடு மிச்சமிருந்த தாரில் மாடுகள் படுத்திருந்தன.
சாரதி சீலன் ஹோர்ன் அடித்து, கெஞ்சி,
கடைசியில் இறங்கித் தட்டி எழுப்பினான்.
ஓடும் வண்டிக்குள் தட்டுச் சத்தம் கேட்காது.
மணிக்கட்டை விடாமல் பிடித்திருந்தேன்.

"நாடியோ பார்க்கிறியள்?"
"ஓம்" என்றேன்.
இருபத்தாறு மூச்சு.

கிளிநொச்சி ஆஸ்பத்திரி வாசலில்
நூற்றி எட்டு, எழுபத்தெட்டு.
முப்பது.
முப்பது போதும் என்று நான் சொல்லவில்லை.
புவிதா என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்,
தலையை மட்டும் ஆட்டினேன்.
அட்டையை வாங்கிய தாதி கேட்டாள்:
"இது என்ன எழுத்து, ஒன்றோ ஏழோ?"
ஏழு.
பாதை அப்படி.