ரன்

என் அகராதியில் நாலரைப் பக்கத்தைப் பிடித்துக்கொண்டு
கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருக்கிறது
மூன்றே எழுத்து.

நியூ பிரன்ஸ்விக், மார்ச் கடைசி வாரம்.
வெர்னா எஸ்டி விடியற்காலையில் ஜன்னலோரம் நின்று
அன்றைய கணக்கில் முதல் தடவையாக அதைச் சொல்கிறாள்:
மேப்பிள் மரங்களில் சாறு இறங்க ஆரம்பித்துவிட்டது.
இரவில் உறையவேண்டும், பகலில் இளகவேண்டும்,
இரண்டும் நடந்தால்தான் மரம் மனம் வைக்கும்.

அடுத்தது அவள் கணவன் தர்லோவின் மூக்கு.
மூன்று நாளாக ஒழுகுகிறது. அதற்கும் அதே சொல்.
காய்ச்சல் வேறு.
நம்மிடம் காய்ச்சல் மனிதனை அடிக்கும்.
அங்கே மனிதன் காய்ச்சலை ஓட்டுகிறான்,
டிராக்டர் மாதிரி.

கோழிகளுக்குக் கம்பிவலை அடித்து விட்டிருக்கும்
எட்டடி இடத்துக்கும் அதுதான் பெயர்.
எந்தக் கோழியும் அங்கே ஓடி நான் பார்க்கவில்லை.

தொழிலை நாம் நடத்துகிறோம், விரல் பிடித்து.
தர்லோ தன் சர்க்கரைப்பாகுக் கொட்டகையை
முப்பது வருஷமாக ஓடவிட்டிருக்கிறான்.
தேர்தலில் நாம் நிற்போம்.
அவன் ஊராட்சிக்கு ஒருமுறை ஓடி
பதினோரு ஓட்டில் தோற்றான்.
பிடிவாதம் நமக்கு ரத்தத்தில் ஊறும்.
எஸ்டி வீட்டில் அது ஓடும்,
அப்பனிடமிருந்து மகளுக்கு,
இடையில் எங்கும் நிற்காமல்.

சரி, நான் மட்டும் யோக்கியமா?
கூரைமேல் இருந்தால் ஓடு,
முட்டைமேல் இருந்தால் ஓடு,
பிச்சைக்காரன் கையில் ஓடு,
நாய் துரத்தினால், ஓடு.

மகள் பெயர் கோரின்.
பத்தொன்பது வயதில் ஓடிப்போனாள்.
இந்த ஒன்றுக்கு மட்டும்
நான் அகராதியைத் திறக்கவில்லை.
யாரோடு, என்று அந்த ஊரும் கேட்டது.
(நம் கேள்விக்குள்ளேயே ஓர் ஓடு இருக்கிறது,
அவர்கள் கேள்வியில் அது இல்லை.)
யாரோடும் இல்லை.
ஒரு பையோடு, அப்பாவோடு போட்ட ஒரு சண்டையோடு,
மான்ட்ரியால் பஸ்ஸில்.

ஒன்பது வருஷம்.

இன்று மதியம் இரண்டரைக்கு
சாலை முனையில் ஒரு நீல நிறக் கார் வந்து நின்றது.
நின்றது என்றா சொன்னேன்?
சக்கரம் நின்றது. எஞ்சின் ஓடுகிறது.
பின்னால் வெள்ளைப் புகை
சுருண்டு சுருண்டு பனிமேல் படுக்கிறது.
கதவு திறக்கவில்லை.
ஐந்து நிமிஷம். பத்து.
ஓர் அங்குலமும் நகராமல் அப்படி ஓடுவதை
அந்தச் சொல்லும் நம் சொல்லும்
ஒன்றுபோல அனுமதிக்கின்றன.

வெர்னா பார்த்துக்கொண்டே நின்றதில்
குழாய்த் தண்ணீர் தொட்டியிலிருந்து வழிந்தது.
துடைக்கத் திரும்பியபோது
அலமாரிக் கொக்கியில் ஸ்டாக்கிங் மாட்டி
இழைவிட்டது, முழங்காலிலிருந்து குதிகால்வரை
ஒரே கோடாக.
அதுவும் ரன். எண்ணுவதை இங்கே விட்டுவிட்டேன்.

படுக்கையறையிலிருந்து இருமல்.
பிறகு தர்லோவின் குரல்:
"ரொம்ப நேரமா வண்டிச் சத்தம் கேக்குதே."
"ஆமா."
யார் என்று அவன் கேட்கவில்லை.
யார் என்று அவளும் சொல்லவில்லை.
சுவர்க்கடிகாரம் ஏழு நிமிஷம் முந்தி ஓடிற்று.
"பெட்ரோல் தீந்துடப்போகுது," என்றான்,
"ஓடிப்போய் சொல்லு."
ஒரே மூச்சில் இரண்டு தடவை வந்தது அந்தச் சொல்.
ஒன்று தீர்ந்தது, ஒன்று ஓடிற்று.
மூக்கை உறிஞ்சிக்கொண்டு
சுவர்ப்பக்கம் புரண்டு படுத்தான்.

வெர்னா ஓடவில்லை.
முற்றம் முழுக்க இறுகிய பனி, வழுக்கும்.
தர்லோவின் ரப்பர் பூட்ஸில் காலை நுழைத்துக்கொண்டு,
கிழிந்த ஸ்டாக்கிங்கோடு,
வாளிகளைச் சுற்றிக்கொண்டு,
பார்த்துப் பார்த்து அடி வைத்துப் போனாள்.
பாதி வழியில் இருந்தபோது
எஞ்சின் சத்தம் நின்றது.