பேக்கிங் லிஸ்ட்

வீரபாண்டி சாயப்பட்டறையில்
அறுநூற்றுப் பத்து கிலோ நேவி புளூ
நாவல்பழ நிறத்தில் வந்து விழுந்தது.
ஷேடு தப்பிப் போச்சுங் என்று
லேப் ருக்குமணி
ஈரத் துணியைக் கொண்டுவந்து
என் கீபோர்டின் மேலேயே வைத்தாள்.

சாயத்தில் குற்றமில்லை. தண்ணீரிலும் இல்லை.
நிறம் அளக்கும் கருவிக்கும் லினக்ஸ் பெட்டிக்கும் நடுவே
ஒரு சின்ன நிரல்.
நேற்றுத்தான் புதுசு போட்டேன்.
பழசு எங்கோ ஒளிந்து உட்கார்ந்து
கூப்பிடும்போதெல்லாம்
தானே முதலில் கை தூக்குகிறது.

நாலு வருஷம் முன்னால் தரணிதரன் போட்டது.
மூலநிரலை இறக்கி, கம்பைல் செய்து,
மேக் இன்ஸ்டால் என்று ஒரு தட்டு.
நிட்டிங் ஷெட்டில் பஞ்சு பறந்த மாதிரி
நூலக அடைவில் ஒன்பது
கட்டளை அடைவில் மூன்று
அமைப்பு அடைவில் ஒன்று.
அவன் இப்போது ஓசூரில்.
போன் போட்டால்
எதெது எங்க வெச்சன்னு மறந்துட்டனுங்க என்கிறான்.
சிரிக்கவும் செய்கிறான்.

ஒவ்வொரு கோப்பையும் காட்டி
இது யாருடையது என்று கேட்டேன்.
எந்தப் பொதியிலும் இல்லை என்று
பதின்மூன்று தடவையும் அதே பதில் சொன்னது டெபியன்.
பேர் இல்லாததை எப்படி வெளியே போகச் சொல்ல?

ராத்திரி பதினொன்றரைக்கு
மூலநிரலை மறுபடி விரித்தேன்.
இந்த முறை நேராக உள்ளே விடவில்லை.
காலி அடைவு ஒன்றைத் திறந்து
இதுதான் வேர் என்று பொய் சொன்னேன்.
நம்பியது.
முழு வீடும் தனக்கென்று நினைத்து
வைக்க வேண்டிய இடத்தில் வைக்க வைக்க
நான் பின்னாலேயே போய் எழுதிக்கொண்டேன்.
கன்டெய்னர் கிளம்பும் நாளில்
பேக்கிங்கில் செய்வதுதான்:
பெட்டி எண், சைஸ், எத்தனை பீஸ்.

பெயர் எழுதினேன். பதிப்பு எழுதினேன்.
எதை நம்பி ஓடும் என்று எழுதும்போது
ஒரு யூஎஸ்பி நூலகத்தை விட்டுவிட்டேன்;
பக்கத்துக் கணினியில் போட்டதும் படுத்துக்கொண்டது.
சேர்த்து, மறுபடி கட்டினேன்.

பராமரிப்பவர் என்ற வரியில்
டீ ஆறும்வரை நின்றேன்.
பேர் போட்டால், நோம்பி நாளானாலும்
என் போன்தான் அடிக்கும்.
யசோதா, வீரபாண்டி யூனிட்.
போட்டாயிற்று.

போட்டுப் பார்ப்பதைவிட
எடுத்துப் பார்ப்பதில்தான் எனக்குப் பயம்.
எடுத்தேன்.
ஒரு தூசி மிச்சமில்லை.
மறுபடி போட்டேன்.
ருக்குமணி சாம்பிள் துண்டைக் கருவியில் வைத்தாள்.
திரையைப் பார்க்காமல்
துணியை மட்டும் பார்த்து
இது நேவி என்றாள்.

தரணிதரனின் பதின்மூன்றையும் அழித்தேன்.
பதினான்காவதாக ஒன்று இருந்தது.
ஏழே வரி. முதல் வரியில் குறிப்பு:
அப்புறம் சரி பண்ணோணும்.
விடியக்காலம் ஐந்து நாற்பதுக்கு
ஒரே ஒரு பீப். வேறு வேலை கிடையாது.
இதை நம்பி எதுவும் இல்லை என்றது இயந்திரம்.
சரி, போகட்டும் என்று
அழிக்கும் கட்டளையைப் பாதி அடித்திருந்தேன்.

பீப்.

கேட் பக்கம் நாடாக்கட்டில் முனகியது.
வாட்ச்மேன் சென்னியப்பன்
துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு
பாய்லருக்கு விறகு தள்ளப் போனார்.

அதற்கும் ஒரு பொதி கட்டினேன்.
பதிப்பு பூஜ்யம் புள்ளி ஒன்று.
ஆக்கியவர் தரணிதரன்.
விவரம் என்ற இடத்தில்
என்ன எழுதுவதென்று தெரியாமல்
பாய்லர் என்று மட்டும் எழுதிவிட்டு
அறுநூற்றுப் பத்து கிலோவைப் பற்றி
முதலாளியிடம் சொல்ல
மாடிப்படி ஏறினேன்.