ரெண்டு ரெக்கை

காரைக்குடியில் அரைநாள் பயிற்சி.
நாலு ரெக்கை என்றால் நம் கேஸ் இல்லை,
தட்டானை விடு, தேனீயை விடு,
அது பெயரில் மட்டும்தான் ஈ.
ரெண்டே ரெக்கை என்றால்
ஈ, கொசு, அழுகிய பழத்தை மொய்க்கும் பொடிசு
எல்லாம் ஒரே வம்சம் என்றார் லூர்துராஜ் சார்.
பின்ரெக்கை ரெண்டும் சூம்பிப்போய்க்
குண்டூசித் தலையாய் ஒட்டிக்கொண்டிருக்குமாம்.
அதைக் கிள்ளிவிட்டால்
ரெக்கை இருந்தும் தலைகுப்புற விழுமாம்.
டீ வந்துவிட்டது.
அதற்குமேல் யாரும் கேட்கவில்லை.

பள்ளத்தூரில் எனக்கு நாலு தெரு.
டார்ச், கரண்டி, மருந்துக் குப்பி, சாக்பீஸ்.
இந்த வீட்டுக்கு முன்வாசல் ஒரு தெரு,
பின்வாசல் அடுத்த தெரு.
பதினேழு புள்ளிக்குப் பங்கு.
பினாங்கில் நாலு, சென்னையில் ஆறு,
மீதிப் பேர் ஒருவரோடொருவர் பேசுவதில்லை.
முகப்புச் சாவி யாரிடம் என்பதற்கே ஒரு வழக்கு.
அதனால் பின்கட்டு வழியாகத்தான் விடுவார்
வாட்ச்மேன் சேவுகன்.
அடுப்படியை ஒட்டிய அறையில்
இருபத்திரண்டு வருஷமாக அவர் கட்டில்.

வளவில் ஓட்டுத்தண்ணீர் விழுகிற இடத்தில் ஒரு கிடாரம்.
ஆயிரம் பேர் கல்யாணத்துக்குச் சோறு வடித்ததாம்.
டார்ச் அடித்தேன்.
காற்புள்ளிகள்.
தலைகீழாய்த் தொங்கி வாலால் மூச்சு வாங்கியவை
வெளிச்சம் பட்டதும் கூட்டமாய் அடிக்கு இறங்கின.
கரண்டிக்கு முப்பது, முப்பத்தைந்து,
எண்ண எண்ண நெளிந்து
கணக்கைக் கலைத்தன.

முட்டைக்கு ரத்தம் வேண்டும்.
குடித்தால்தான் பிள்ளை.
பினாங்கு ரத்தம் இத்தனை தூரம் வராது.
வருஷத்துக்கு ஒரு படைப்பு,
அதற்கு வந்து போகிறவர்களும்
கைகால் முழுக்கக் களிம்பு பூசிக்கொள்கிறார்கள்.
நாய்கூட இல்லாத வீடு.
அப்படியானால் இந்த வளவில் பிறந்தது அத்தனையும்
சேவுகன் வாரிசு.

இதை நான் அவரிடம் சொல்லவில்லை.
மருந்தை எண்ணிச் சொட்டுவிட்டேன்.
நிலைக்குப் பக்கத்துச் சுவரில் தேதி,
பாத்திரம் ஒன்று, புழு உண்டு,
வசிப்பவர்
என்று எழுதியதும் சாக்பீஸ் நின்றது.

"இல்லைன்னு போடும்மா.
எப்பவும் அப்படித்தானே போடுவீக."

சொல்லும்போதே பிடரியில் பட்டென்று அடித்தார்.
உள்ளங்கையை என் டார்ச்சுக்குக் கீழே நீட்டினார்.
நசுங்கிய ரெண்டு ரெக்கை, கொஞ்சம் சிவப்பு.
"என்னுதுதான்" என்றார்.
வேட்டியில் துடைக்கப் போனவர்
யோசித்து,
தேக்கு நிலையில் துடைத்தார்.