மாதிரி எண் நாற்பத்தொன்று

அஞ்செட்டிக் காட்டில், மூங்கில் சருகுக்கு அடியில்,
ஆறு கதிர் விரித்துக் கிடந்தது.
நடுவில் சின்னதாய் ஒரு பை,
பையின் உச்சியில் ஒரு வாய்.
புவிமீன் என்று எங்கள் பட்டியலில் பெயர்.
ஊருக்குள் கேட்டால் தெருவுக்கு ஒன்று சொல்கிறார்கள்.

கதிரை எண்ணிப் பயனில்லை.
ஒரே இனத்தில் ஐந்தும் உண்டு, ஒன்பதும் உண்டு.
நிறம் மழைக்கு மழை மாறும்.
வாயைத்தான் பார்க்க வேண்டும்:
சீப்புப் பல் போல மடிந்த வாய் ஓர் இனம்,
நைந்த திரி போல இழை பிரிந்த வாய் இன்னொன்று,
சுற்றிலும் கோடு கிழித்துக்கொண்டு
உள்ளே குவிந்திருப்பது வேறு.
கிண்ணத்தில் உட்கார்ந்திருக்கிறதா,
குட்டிக் காம்பில் நிற்கிறதா,
எல்லாம் பார்த்த பிறகும் ஏதாவது ஒன்று மிஞ்சும்.
அதற்கு நேரே கேள்விக்குறி போடுவேன்.

நாற்பத்தொன்று அப்படி மிஞ்சியது.
தீப்பெட்டியில் அடங்கவில்லை.
மதியம் களி தீர்ந்த டப்பாவைத் துடைத்து
காகிதம் சுற்றி உள்ளே வைத்தேன்.

ஐந்தேகால் பஸ்.
ஜன்னலோரம் சிக்கம்மா, கொத்துமல்லி மூட்டையோடு,
கன்னடத்தில் யாரையோ திட்டிக்கொண்டிருந்தாள்.
பின் சீட்டில் தெலுங்கில் ஒரு கல்யாணப் பேரம்.
கண்டக்டர் முனிரத்தினத்திடம் மூன்று வாயும் இருந்தது,
சில்லறைதான் இல்லை.

"டப்பால என்னம்மா?"
"காளான்."
"திங்கறதா?"
"இல்லீங்க."
"அப்புறம் எதுக்கு?"

ஆறு வருஷமாய் என் வீட்டிலும் இதே கேள்வி.
பதில் சொல்வதைவிடச் சுலபம் என்று
திறந்து காட்டினேன்.
மழைத்துளி தட்டினால் மூச்சு விடுகிற ஜாதி அது.
இன்றைக்கு மழைக்குப் பதில்
டிக்கெட் கிழித்த விரல்.

புஸ்.

காப்பித்தூள் நிறத்தில் ஒரு சின்ன மேகம்
சீட்டுக் கம்பிகளுக்கு மேலே நின்று
யோசித்தது.
முதலில் முனிரத்தினம் தும்மினார்,
அப்புறம் சிக்கம்மா,
அப்புறம் கல்யாணப் பேரம் மொத்தமும்.
தும்மலை வைத்து
யார் எந்த வீட்டு ஆள் என்று சொல்ல முடியவில்லை.

யாரோ ஜன்னலை முழுக்கத் தள்ளினார்கள்.
வளைவுக்கு வளைவு
வண்டி சாய்ந்தது, நிமிர்ந்தது,
டப்பா ஒவ்வொரு குலுக்கலுக்கும்
இன்னும் கொஞ்சம் கொடுத்தது.
நான் மூடவில்லை.
அதற்கு லக்கேஜும் போடவில்லை.

தேன்கனிக்கோட்டை விளக்குகள் தெரிந்தபோது
சீட்டை எடுத்து நிரப்பினேன்.
இனம் என்ற கட்டத்தில் கேள்விக்குறி.
இடம் என்ற கட்டத்தில் அஞ்செட்டி என்று எழுதி,
அடித்துவிட்டு,
வழி நெடுக என்று எழுதினேன்.