இருபத்து நாலரை

கண்டென்சரை நானே மாற்றிவிட்டேன்.
கல் தெறித்து ஓட்டை விழுந்தது ஜூலையில்,
ஆல்புகர்கி வெயிலில்,
வேனுக்குள் நாற்பது கல்யாணப் பூங்கொத்து.
போய்ச் சேர்ந்தபோது ரோஜாக்கள்
துக்கம் கேட்க வந்தவை போலத் தலை தொங்கின.
மணப்பெண்ணின் அம்மா பார்த்த பார்வைக்கு
ஒர்க்‌ஷாப்பில் கேட்ட தொள்ளாயிரம் டாலர் தேவலாம்.
தேவலாம், கையில் இருந்திருந்தால்.

குழாய்களைத் திறந்ததில் உள்ளே புகுந்த காற்று
இனி வெளியேற வேண்டும்.
காற்றோடு ஒட்டி வந்த ஈரமும்.
விட்டால் அது வால்வில் பனியாக உறையும்,
எண்ணெயோடு கூடி அமிலமாகும்,
புது கண்டென்சரை உள்ளிருந்தே தின்னும்.

கடையில் பம்ப் மூன்று.
சிவப்பு: சிறிசு, நிமிடத்துக்கு இரண்டரை கன அடி,
கையைக் கடிக்காத விலை.
பச்சை: இரட்டைக் கட்டம், ஆறு கன அடி,
என் வீட்டு வாடகையில் பாதி.
மூன்றாவது இரவல்,
முன்பணம் கட்டினால் சும்மாவே தருவார்கள்.
அதன் வட்டக் கண்ணாடியில் எட்டிப் பார்த்தேன்.
எண்ணெய் மோர் நிறத்தில் இருந்தது.
எத்தனை வண்டிகளின் ஈரத்தைக் குடித்ததோ,
மாற்ற ஒருவருக்கும் தோன்றவில்லை.

"வேகத்தைப் பார்க்காதே எர்லிண்டா,"
போனில் ஆர்னுல்ஃபோ, தங்கை புருஷன்,
கார்ப்பஸ் கிறிஸ்டியிலிருந்து.
"காருக்கு வயிறு சின்னது. சிறிசே போதும்,
கூட ஒரு மணி ஓடட்டும்.
முள் இருபத்தொன்பதைத் தொடணும், அதுதான் கணக்கு.
தொடலையா, பம்ப் குப்பை."
அவன் குரலுக்குப் பின்னால்
கடற்பறவைகள் கத்திக்கொண்டிருந்தன.

சிவப்பை வாங்கினேன்.
மஞ்சள் குழாய், நீலக் குழாய், எண்ணெய், சுவிட்ச்.
முள் சரிந்தது. பத்து. இருபது.
இருபத்து நாலரை.
நின்றது.
ஒரு மணி நேரம். இரண்டு மணி நேரம்.
இருபத்து நாலரை.

திருப்பிக் கொடுத்தேன்.
டெல்பெர்ட் ஒன்றும் கேட்கவில்லை.
கடன் அட்டையைத் தேய்த்துப் பச்சையை வாங்கினேன்.
வாடகையில் பாதி, எட்டே நிமிடத்தில்,
உறுமிக்கொண்டு போய் நின்ற இடம்
இருபத்து நாலரை.

ரப்பர் வளையங்களை மாற்றினேன். கேஜை மாற்றினேன்.
எனக்குத் தெரிந்த கெட்ட வார்த்தைகளை
இரண்டு மொழியிலும் சொல்லித் தீர்த்தேன்.
பச்சையையும் தூக்கிக்கொண்டு போனேன்.

டெல்பெர்ட் பணத்தை எண்ணும்போதுதான்
கவுண்டரோரம் தொங்கிய சிப்ஸ் பாக்கெட்டைக் கவனித்தேன்.
வெடிக்கப் போவதுபோல் உப்பி நின்றது.
எல்லாப் பாக்கெட்டும் அப்படித்தான். எப்போதும் அப்படித்தான்.
இருபது வருடமாக வாங்கித் தின்கிறேன்.
"ஏன் இப்படி ஊதியிருக்கு?"
"டாலஸிலிருந்து வருது," என்றான், எண்ணுவதை நிறுத்தாமல்.
"அங்கே அடைச்ச காத்து.
இங்கே அதை அமுக்கிப் பிடிக்க ஆள் இல்லை."

ஐயாயிரத்து முந்நூறு அடி.
என் பின்டோ பீன்ஸ் மூன்று மணி நேரம் வேகாததும் இதனால்தான்.
இருபத்தொன்பது, கடலோரத்துக் கணக்கு.
இந்த ஊரில் இருப்பதே இருபத்து நாலரை, சொச்சம்.
அத்தனையையும் எடுத்துக் கொட்டிவிட்டு நின்ற பம்ப்பிடம்
இன்னும் எடு, இன்னும் எடு என்று
கல்லில் நார் உரிக்கச் சொல்லியிருக்கிறேன்.
அதுவும் இரண்டு பம்ப்பிடம்.

"திருப்பி வந்தவை" அலமாரியில்
சிவப்பு உட்கார்ந்திருந்தது,
கைப்பிடியில் என் கட்டைவிரல் எண்ணெய்த் தடம்,
பதினோரு டாலர் தள்ளுபடி.
ஒட்டிய சீட்டில் நான் சொன்ன புகார்:
இழுவை போதாது.
"அதுல குறை இருக்கே," என்றான் டெல்பெர்ட்.
"இருக்கட்டும்."

இன்றிரவு ஒன்றரை மணி நேரம் ஓடியது.
வால்வை அடைத்தேன், சுவிட்சை அணைத்தேன்.
திடீரென்று தெருவெல்லாம் சில்வண்டு.
முள்ளின் கண்ணாடியை நகத்தால் தட்டினேன்.
நாளை எட்டு மணிக்கு ஒரு அடக்கம்,
முப்பத்திரண்டு கட்டு லில்லி.
அதற்குள் கேஸ் ஏற்ற வேண்டும்.
இருபத்து நாலரை.
நாய்க்குச் சாப்பாடு வைத்தேன்.
டார்ச்சை எடுத்துக்கொண்டு மறுபடி போனேன்.
இருபத்து நாலரை.