நாற்பத்தெட்டாவது சுற்று

காலைப் பிடித்துக்கொண்டிருந்தாள் டெல்ஃபீன்.
கெஞ்சவில்லை.
விட்டால், தன் வீச்சுக்குத் தானே பம்பரமாகிவிடுவான் ரொதியோன்,
விண்நிலையத்துக்கு வெளியே.

பொன்முலாம் மட்டை. விளம்பரக்காரன் காசு.
தடித்த கையுறை, ஒற்றைக் கைதான் ஒத்துழைத்தது.
முதல் வீச்சு காற்றோடு போனது என்று எழுதப் போனேன்.
அங்கே காற்று ஏது?
இரண்டாவது, பந்தின் கன்னத்தைத் தொட்டது.
கைக்குழந்தை உருட்டிவிட்ட வேகம்.

நான் வார்தோவில். நார்வே முடிந்துபோகும் தீவு.
சன்னல் பாதிக்குப் பனி.
வானக் குப்பையை எண்ணுகிற உத்தியோகம்:
செத்த செயற்கைக்கோள், கழன்ற தகடு,
எவரோ நழுவவிட்ட கருவிப்பை.
முட்டியளவுக்குக் குறைந்தது எதுவும்
என் ராடாருக்குத் தெரியாது.
பந்தை நான் பார்த்ததெல்லாம் கணக்கில்.

ஒன்றரை மணிக்கு ஒரு முறை உலகம்.
மைதானம் அதுதான். குழிதான் இல்லை.
"பசிபிக் இருக்கே" என்றான் எய்ரிக்,
மீன்பெட்டிமேல் காபியை வைத்துவிட்டு.

மூன்றாம் நாள் மேலிருந்து ஒரு செய்தி:
இன்னும் போகிறதா?
ஐம்பத்தோரு வயது ஆள்.
கேள்விக்கு மட்டும் ஒன்பது இருக்கும்.

என் தாளின்படி
நாற்பத்தெட்டாவது சுற்றில், சிலிக்கு மேற்கே,
எரிந்திருக்க வேண்டும்.
கண்டவர் இல்லை.
அவனுக்கு, "போகிறது" என்று அனுப்பினேன்.

பிறகு பேரேட்டில் அந்த வரியை அடிக்கப் பேனா எடுத்தேன்.
அத்தனை சின்னதை
நான் பதிவே செய்யவில்லை.

எழுதினேன்.
அடித்தேன்.